பேக்கப்புக்குச் சந்தனம்

முனைவர் பொன்னழகுவின் முகத்தில் சந்தனம் பட்டுவிடக் கூடாது என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு புத்தகங்கள் காணாமல் போகப் பார்த்தன. இதை எந்த மேடையிலும் சொல்ல நான் தயார். மேடைதான் கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் உள்ள மேடைகளில் பாதிக்கு மேல் அவர்தான் தலைவர்.

நடந்தது 2007-இல். பழனி ரோட்டில் ஒரு டயர் கடையின் மாடியில் எங்கள் வட்டார நூல் பாதுகாப்புக் கழகம் இருந்தது. அதற்கும் அவர்தான் தலைவர், துணைத் தலைவர்கள் ஏழு பேர். நான் ஆறாவது துணைத் தலைவர். விழாக்களில் சால்வையை உறையிலிருந்து எடுத்துப் பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு. இத்தனை பேருக்கும் சேர்த்து வேலை செய்தது ஒரே ஆள், இசைவாணி.

இசைவாணிக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் டி.டி.பி. கடை வைத்திருந்தார். காலையில் கடை, மதியத்துக்கு மேல் கழகம். நான்கு வருடமாக ஊர் ஊராகப் போய்ப் பரணில் கிடந்ததையும் பெட்டியில் கிடந்ததையும் கேட்டு வாங்கி வந்து, ஒவ்வொரு பக்கமாக ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றினார். கோயில் சிந்து, கோழி வைத்தியம், பள்ளிக்கூட மலர், ஞானப்பாட்டு, நாடக நோட்டீஸ், விவசாயிகள் கைப்பட எழுதிய நோட்டு என எதையும் அவர் விடவில்லை.

ஸ்கேன் செய்தது வெறும் படம். உள்ளே இருக்கும் எழுத்தைக் கம்ப்யூட்டர் தேடித் தராது. அதனால் ஒவ்வொரு கோப்புக்கும் இசைவாணி நீளமாகப் பெயர் வைத்தார். என்ன நூல், யார் எழுதியது, எந்த ஊர், எந்த வருடம், யார் வீட்டிலிருந்து வந்தது என்று அத்தனையும் பெயரிலேயே இருக்கும். தனியாக அட்டவணை கிடையாது. பெயர்தான் அட்டவணை. இதைப் புரிந்துகொள்ள முனைவர் பட்டம் தேவையில்லை. பட்டம் இருந்தால்தான் புரியாது போலிருக்கிறது.

ஆயக்குடி கண்ணுசாமியின் நோட்டும் அப்படி வந்ததுதான். கண்ணுசாமி கொய்யாத் தோட்டக்காரர். அவருடைய அப்பா பதினேழு வருடம் எழுதி வைத்த தோட்டக் குறிப்பு அது. எந்த வரிசையில் எந்தக் கன்று, எந்த ஊர்ப் பதியன், எப்போது நட்டது எல்லாம் அதில் இருந்தது. தர மனமில்லாமல்தான் கொடுத்தார். இசைவாணி தன் கைப்பட ஒரு துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்: “நோட்டை இரண்டு மாதத்தில் திருப்பித் தருகிறேன். அதுவரை என் பொறுப்பு.”

இரண்டு மாதம் பதினாறு மாதமானது. காரணம் இசைவாணி அல்ல. “திறப்பு விழாவிலே மூல நூல்களைக் கண்காட்சியாக வைக்க வேண்டும். ஒன்றும் வெளியே போகக் கூடாது” என்று தலைவர் உத்தரவு போட்டிருந்தார். கண்ணுசாமி மாதம் ஒருமுறை போன் செய்வார். அந்த செப்டம்பரில் நேரிலேயே வந்துவிட்டார்.

“ஏனுங்க அம்மிணி, மரம் நின்ன வாக்குலயே காயுதுங்க. பதினோரு மரம் போச்சு. ஒரே ஊர்ல வாங்குன பதியனாத்தான் இருக்கோணும்னு பழனிக்காரர் ஒருத்தர் சொல்றாருங்க. அது எந்தெந்த வரிசைன்னு எங்கய்யன் எழுதி வெச்சிருக்காரு. தெரிஞ்சா அத மட்டும் வெட்டிப் போட்டு மீதியக் காப்பாத்திக்கலாமுங்க.”

“விஜயதசமிக்கு விழாண்ணே. அன்னைக்கே நோட்டும் தாரேன், பிரிண்டும் போட்டுத் தாரேன். எம் பேச்ச நம்பிப் போங்க” என்றார் இசைவாணி.

அந்தப் பேச்சை வைத்துத்தான் நாங்கள் எட்டுப் பேரும் விளையாடினோம்.

விழாவுக்குப் பதினைந்து நாள் முன்பு செயற்குழு கூடியது. கம்ப்யூட்டர் திரையைத் தலைவர் பார்வையிட்டார். அவர் எழுதிய ‘பொன்னழகுப் பூங்கொத்து’ பன்னிரண்டு தொகுதிகளும் அதில் ஏறியிருந்தன. இசைவாணி ஏற்றவில்லை. சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கும் தலைவரின் மருமகன் பழனிக்குமார், அங்கேயே ஸ்கேன் போட்டுக் கொண்டுவந்து செருகிவிட்டுப் போயிருந்தார். தலைவர் திரையில் தன்னைத் தேடினார். ஆங்கில எழுத்து வரிசையில் அவர் எண்ணூற்றுச் சொச்சத்தில் இருந்தார். அவருக்கு மேலே பேதி மருந்துக் குறிப்பு. கீழே பொதிகழுதை வளர்ப்பு.

“இது என்னம்மா ஒழுங்கு? வருகிறவர் முதலில் எதைப் பார்ப்பார்? கோப்புகளுக்கு ஒரு பொதுப் பெயர் வேண்டாமா? ஒரு கம்பீரம் வேண்டாமா?”

“பொதுப் பேருன்னா எப்படி சார்?”

“முனைவர் பொன்னழகு மின்னூலகம், பூஜ்யம் பூஜ்யம் பூஜ்யம் ஒன்று. அப்புறம் இரண்டு. அப்படியே கடைசி வரைக்கும்.”

“அய்யோ சார், பேருதான் சார் இங்க எல்லாமே. அத எடுத்துட்டா உள்ள என்ன இருக்குன்னு எனக்கே தெரியாது சார். ஆயிரத்துச் சொச்சம் ஃபைலையும் ஒவ்வொண்ணாத் தொறந்துல்ல பாக்கணும்?”

“மாமா, அது ரெண்டு நிமிஷ வேலை” என்றார், கூட்டத்துக்கு வந்திருந்த பழனிக்குமார். “மொத்தமா பேரு மாத்துற சாஃப்ட்வேர் இருக்கு. மாமா புக்கு பன்னெண்டையும் மேல வச்சிருவோம். மத்ததெல்லாம் அதுபாட்டுக்கு வரிசையா வந்துரும்.”

“வந்துரும்தான். எது எங்கன்னு எப்படித் தெரியும்?” என்றார் இசைவாணி.

“அட்டவணை அப்புறம் போட்டுக்கலாம்மா” என்றார் பழனிக்குமார்.

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. என் இடது கையில் போண்டா இருந்தது. வலது கையைத் தூக்கினேன்.

இசைவாணி ஒன்றே ஒன்று கேட்டார். பெயர் மாற்றுவதற்கு முன்னால் ஒரு பேக்கப் எடுத்துக்கொள்ள மூன்று நாள் வேண்டும். கரண்ட் போவதும் வருவதுமாக இருந்த அந்த மூன்று நாளில், கடையைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, பழைய பெயர்களோடு அத்தனையையும் பதினாறு டி.வி.டி.யில் பதித்தார். அதைக் கேள்விப்பட்ட தலைவர், டி.வி.டி. மொட்டையாக இருக்கிறதே என்று வருந்தி, தன் வண்ணப்படம் போட்ட வட்ட ஸ்டிக்கர் அடித்து ஒவ்வொன்றின் மேலும் ஒட்டச் செய்தார். அரைக்கை சட்டை, கையில் பேனா, பார்வை தூரத்தில். மறுநாள் பழனிக்குமார் இரண்டு நிமிஷ வேலையை முடித்தார். நிஜமாகவே இரண்டு நிமிஷம்தான் ஆனது. நான்கு வருட உழைப்பை அழிக்க அவ்வளவுதான் பிடிக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த கொடுமை ஆயுத பூஜைக்கு முதல் நாள். விழாவுக்கு நாற்காலி போட இடம் போதவில்லை. மூலையில் மூட்டை மூட்டையாக மூல நூல்கள்.

“எல்லாம் கம்ப்யூட்டரிலே ஏறியாகிவிட்டதே. இன்னும் எதற்குக் கரையானுக்குத் தீனி?” என்றார் தலைவர். கண்காட்சி என்று அவர்தான் சொன்னார் என்பதை அவருக்கு நினைவூட்ட எங்களில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. இசைவாணி கடையில் இருந்த நேரம் பார்த்து மூட்டைகள் பழைய பேப்பர் கடைக்குப் போயின. மாலையில் வந்து வெறும் மூலையைப் பார்த்தவர், பையைக்கூட இறக்கி வைக்காமல் அந்தக் கடைக்கு ஓடினார். லாரி சிவகாசிக்குப் போய்விட்டிருந்தது.

திரும்பி வந்து என்னைப் பார்த்து ஒரே கேள்விதான் கேட்டார். “நீங்க இருந்தீகளா சார் அப்ப?”

இருந்தேன். மூட்டை இறங்கப் படியில் வழி விட்டேன்.

சனிக்கிழமை ஆயுத பூஜை. கம்ப்யூட்டருக்குப் பொட்டு, ஸ்கேனருக்குப் பொட்டு, யு.பி.எஸ்.ஸுக்கு மாலை. பதினாறு டி.வி.டி.யும் தட்டில் வந்தன. எங்கள் ஊரில் ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வாங்காமல் எதுவும் தப்பாது. டயர் கடையில் ஜாக்கி, ஸ்பானர் முதற்கொண்டு வாங்கும். பொட்டு வைக்கப் போன ஐந்தாவது துணைத் தலைவர் சந்தனக் கிண்ணத்தோடு நின்றுவிட்டார். தலைவரின் நெற்றியில் வைக்கலாமா? கன்னத்தில் பட்டால்? மூக்கில் ஒழுகினால்?

“திருப்பிப் போட்டு வைங்கய்யா. பின்பக்கம் சும்மாத்தானே கிடக்கு?” என்றார் தலைவர்.

பதினாறு டி.வி.டி.யின் பளபளக்கும் பக்கத்திலும், அதாவது புத்தகம் இருக்கும் பக்கத்தில், குழைத்த சந்தனத்தை மூன்று விரலால் இழுத்து நடுவில் குங்குமம் வைத்தார்கள். இசைவாணி அன்றைக்கு வரவில்லை. மூட்டைகளைத் தேடி அவர் சிவகாசிக்குப் போயிருந்தார். காகித ஆலையில் எல்லாம் கூழாகிவிட்டதைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

மறுநாள் விழா. சிறப்பு விருந்தினர் ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி. மூன்றாவது வரிசையில் கண்ணுசாமி, காலடியில் ஒரு பை கொய்யாப்பழம். இசைவாணி கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார். தலைவர் நாற்பது நிமிடம் பேசினார். பேச்சின் உச்சியில் கையை விரித்தார்.

“அவையோரே! எந்த நூல் வேண்டும்? கேளுங்கள்! இரண்டே நொடியில் திரையில் தோன்றும்!”

இப்படிச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது மேடைப் பேச்சாளர்களின் நம்பிக்கை. கண்ணுசாமி அப்பாவி. எழுந்து நின்றார்.

“ஏனுங்க, ஆயக்குடிங்க நானு. எங்கய்யன் எழுதின தோட்டத்து நோட்டுங்க.”

நீதிபதி உற்சாகமானார். “அருமை! போடுங்கள்.”

இசைவாணி அசையவில்லை. பழனிக்குமார் எட்டி மவுஸைப் பிடுங்கினார். குத்துமதிப்பாக எழுநூறைத் திறந்தார். திரை முழுக்கக் கோழியின் கழிச்சல் படம். ஆயிரத்து ஒன்று, சேசுவின் திருப்பாடுகள். எண்ணூற்று இரண்டில் பல்லி விழும் பலன் வந்தது. கூட்டம் சிரிக்க ஆரம்பித்தது. தலைவர் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஒன்றாம் எண்ணைப் போடுடா” என்றார். திரையில் பூங்கொத்து முதல் தொகுதி விரிந்தது.

“இது எங்கய்யன் எழுதினது இல்லீங்க” என்றார் கண்ணுசாமி.

அப்போதுதான் இசைவாணி மைக்கில் பேசினார். “அண்ணே, பேர மாத்திட்டாக. ஆனா பழைய பேரோட பேக்கப் இருக்கு. செத்த நேரம் இருங்க.” என் பக்கம் திரும்பி, “சார், அந்த டி.வி.டி. கட்ட எடுத்தாங்க” என்றார்.

நான் பூஜைத் தட்டைத் தேடிப் போனேன். எனக்கு முன்னால் தலைவர் போயிருந்தார். சந்தனம் காய்ந்து அப்பிப் போயிருந்தது. நீதிபதி முன்னால் இப்படிக் கொண்டுபோக முடியுமா? மாடிக்குப் பின்னால் சாப்பாட்டுப் பந்திக்கான சமையல் நடந்துகொண்டிருந்தது. அண்டா கழுவிக்கொண்டிருந்த கருப்பம்மாளிடம் தட்டோடு நீட்டிவிட்டார்.

“நல்லாப் பளபளன்னு கழுவித் தா ஆத்தா. சீக்கிரம்.”

கருப்பம்மாள் வேலையில் சுத்தமானவர். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். நான் போய்ச் சேர்ந்தபோது பதினாறாவதை முடித்துக்கொண்டிருந்தார். கம்பி நார், பாத்திரப் பவுடர், மேலே கொஞ்சம் புளி.

“ரெண்டு பக்கமும் தேச்சுட்டேன் சாமி” என்றார். “சந்தனம் பொசுக்குனு போயிருச்சு. இந்தப் பக்கம் ஒட்டியிருந்த ஆளுதேன் போகவே மாட்டேன்னுட்டாரு. நகத்த வச்சுச் சொரண்டி எடுத்தேன்.”

மேடைக்குத் தட்டோடு வந்தேன். இசைவாணி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வட்டம் வட்டமாகக் கீறல். கம்ப்யூட்டருக்குள் வைத்தார். அது கரகரவென்று சுற்றிவிட்டு வெளியே துப்பியது. இரண்டாவதும் அப்படியே. ஐந்தாவதோடு நிறுத்திக்கொண்டார்.

“தொழில்நுட்பக் கோளாறு” என்று தலைவர் அறிவித்தார். “இதோ, நம் நீதியரசருக்குப் பொன்னாடை.” நான் உறையைப் பிரித்தேன்.

பந்தி முடிந்து எல்லாரும் போன பிறகு, கண்ணுசாமி மட்டும் அதே நாற்காலியில் இருந்தார். சட்டைப் பையிலிருந்து துண்டுச்சீட்டை எடுத்து முழங்காலில் வைத்து நீவிக்கொண்டிருந்தார். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“நோட்டாவது குடுத்துருங்க அம்மிணி. போயர்றேன்.”

இசைவாணி மறைக்கவில்லை. எடைக்குப் போட்டதைச் சொன்னார். கண்ணுசாமி சீட்டைப் பார்த்தார். “உங்க பொறுப்புன்னு எழுதியிருக்கீங்களே” என்று மட்டும் சொன்னார்.

இசைவாணி அந்தச் சீட்டின் மேல் குனிந்தார். தன் கையெழுத்துக்குக் கீழே இருந்த தேதியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். திடீரென்று எழுந்தார்.

“சார், வண்டி வச்சிருக்கீகள்ல? என் கடைக்குப் போயி, சாமி படத்துக்குக் கீழ நாலு கம்பி தொங்கும், நாலையும் அப்படியே கொண்டாங்க.”

மளிகைக் கடையில் பில் குத்தி வைக்கும் கம்பி மாதிரி நான்கு கம்பிகள். ஒவ்வொன்றிலும் நாள்காட்டியில் கிழித்த தாள்கள், வருடத்துக்கு ஒரு கம்பி. தினமும் கழகத்திலிருந்து போனதும், அன்றைக்குக் கிழித்த தாளின் பின்பக்கம் அன்று ஸ்கேன் செய்ததை வரிசையாக எழுதிக் குத்தி வைப்பது அவர் பழக்கம். எங்களிடம் சொன்னதில்லை. நாங்கள் கேட்டதும் இல்லை.

“பேர மாத்துனாலும் ஃபைல் உண்டான தேதியும் மணியும் மாறாதுல்ல சார்?” என்றார். “அந்தத் தேதி வாரியா வரிசைப்படுத்துனா?”

வரிசைப்படுத்தினார். கண்ணுசாமியிடம் நோட்டு வாங்கி நாலாம் நாள் ஸ்கேன் செய்ததாகத் தாள் சொன்னது, அன்றைக்கு மூன்றாவதாக. அந்தத் தேதியில், மூன்றாவதாக இருந்தது எண் 0057. திறந்தார்.

கோடு போட்ட பக்கம். மசிப் பேனா. சாய்ந்த கையெழுத்து. கண்ணுசாமி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு திரைக்கு ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்தார். பக்கம் பக்கமாகத் தள்ளச் சொன்னார். முப்பத்தெட்டாவது பக்கத்தில் நிறுத்தினார்.

“மூணுலருந்து அஞ்சு வரைக்கும் தானுங்க. மூணே வரிசை.” மூச்சை விட்டார். “நான் பத்து வரிசையையும் வெட்டிரலாம்னு ஆள் சொல்லி வெச்சிருந்தேனுங்க, நாளைக்கு.”

பிரிண்ட் போட்டுக் கொடுத்தார் இசைவாணி. துண்டுச்சீட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவரிடம் வாங்க மறுத்துவிட்டார். “நோட்டு வரலையேண்ணே. அது ஒங்ககிட்டயே இருக்கட்டும்.”

அடுத்த வாரமே செயற்குழு கூடியது. தேதி வித்தை தெரிந்ததும் தலைவர் மலர்ந்திருந்தார். பழைய பெயர்களை இசைவாணி திரும்ப வைக்கலாம். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் ‘முனைவர் பொன்னழகு மின்னூலகம்’ என்று இருக்க வேண்டும். முன்னால் வேண்டாம், பின்னால் போடலாம் என்று மூன்றாவது துணைத் தலைவர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அரை மணி நேரம் விவாதம் நடந்தது. இரண்டு பக்கமும் போடலாமா என்றுகூட ஒருவர் கேட்டார்.

இசைவாணி நான்கு கம்பிகளையும் மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

“சார், ஒரு புத்தகம் குடுத்தவுககூட ஒங்க பேருல குடுக்கல. என்னைய நம்பிக் குடுத்தாக. அதக் கூழாக்குனதும் நம்மதேன். அவுக பேரையாவது விட்டு வைப்போம். முன்னாலயும் கெடையாது, பின்னாலயும் கெடையாது.”

“இது கழகத்தின் சொத்தும்மா!”

“ஃபைலு கழகத்துச் சொத்து. இந்தத் தாளு என் வீட்டுக் காலண்டரு.”

“யாருகிட்ட என்ன பேச்சுப் பேசுற?” என்றார் முனைவர். செந்தமிழ் போய்விட்டிருந்தது. “நான் இல்லாட்டி நீயி இன்னும் காதுகுத்துப் பத்திரிகைதேன் அடிச்சுக்கிட்டு இருப்ப!”

“இப்பவும் அதுதேன் சார் அடிக்கிறேன். அதுல பேரு தப்பா வந்தா காசு குடுக்க மாட்டாக.”

வாக்கெடுப்பு என்றார்கள். தலைவர் பக்கம் ஆறு கைகள். என் இரண்டு கைகளும் காலியாகத்தான் இருந்தன, மடியில். ஆறு போதும், தீர்மானம் நிறைவேறியது. தாள் இல்லாத தீர்மானத்தை வைத்து என்ன செய்வது என்றுதான் எவருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் கம்ப்யூட்டர் மேல் துணி போட்டு மூடிக் கிடந்தது. பிறகு தலைவருக்கு வேறொரு ஊரில் வேறொரு கழகம் கிடைத்தது. ஒரு மத்தியானம் கம்ப்யூட்டரைச் சணல் சாக்கில் சுற்றி, என் டி.வி.எஸ். வண்டியில் வைத்து இசைவாணியின் கடையில் இறக்கினேன். அது திருட்டு என்றால் திருட்டுதான். ஆறாவது துணைத் தலைவராக நான் செய்த ஒரே காரியம் அது.

பெயர் வைத்து முடிக்கப் பதினோரு மாதம் ஆனது. ஒரு பைசா யாரும் கொடுக்கவில்லை. முடித்ததும் மூன்று பிரதி எடுத்தார். ஒன்று கடையில். ஒன்று சித்தையன்கோட்டையில் ஒரு வாத்தியார் வீட்டில். மூன்றாவது கண்ணுசாமி வீட்டில், பாலித்தீன் பையில் சுற்றி, பத்திரத்தோடு பத்திரமாக. எதற்கும் பொட்டு வைக்கவில்லை.

இதற்கிடையே முனைவருக்கு ‘மின்னூல் வேந்தர்’ என்று பட்டம் கொடுத்தார்கள். நோட்டீஸில் ஆயிரத்து முந்நூற்று எண்பத்தாறு நூல்களைக் காத்தவர் என்று போட்டிருந்தது. கணக்கு மட்டும் சரி. அதில் பன்னிரண்டுக்கு இன்றுவரை பெயர் கிடையாது. அவற்றை இசைவாணி ஸ்கேன் செய்யவில்லை, அதனால் தாள் இல்லை. தாள் இல்லாததற்கு அவர் பெயர் வைக்கவில்லை. 0001 முதல் 0012 வரை அப்படியே இருக்கின்றன, வரிசையில் முதலிடத்தில், முனைவர் கேட்டபடியே. அவை என்ன என்று கேட்டு இதுவரை ஒருவரும் வரவில்லை.

போன மாசியில் ஆயக்குடி போயிருந்தேன். மூன்று வரிசை மட்டும் வெட்டி, புதுக் கன்று நட்டிருந்தார் கண்ணுசாமி. மற்ற ஏழும் காய்ப்பில் இருந்தன. கிளைகளில் நூல் கட்டித் தொங்கி, காற்றில் சுழன்று, கண்ணைக் கூச வைத்தன அந்தப் பதினாறு டி.வி.டி.களும்.

“குப்பையில போடறேன்னு அம்மிணி சொன்னாங்க. நாந்தான் வாங்கியாந்தனுங்க. கிளி வராதுங்க இந்த மின்னலுக்கு” என்றார்.

ஒன்றைப் பிடித்து நிறுத்திப் பார்த்தேன். கருப்பம்மாள் அவசரத்தில் விட்டிருந்த இடம் போலிருக்கிறது. ஒரு கண்ணும் பேனா பிடித்த இரண்டு விரலும் மட்டும் மிச்சமிருந்தன. பார்வை இன்னும் தூரத்தில்தான்.

“இந்த மரத்துக்கு மட்டும் அணிலும் வர்றதில்லீங்க” என்றார் கண்ணுசாமி.